மூன்றாவது நாற்காலி

என் வீட்டில் இப்போது பதினேழு நாற்காலிகள் இருக்கின்றன. உட்காருகிறவர்கள் இரண்டு பேர். பதினாறு பிளாஸ்டிக், பொங்கலுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக மகன் வாங்கி அடுக்கியவை. அவை நடையை அடைத்துக்கொண்டு நிற்பதால் தினமும் ஒரு தடவையாவது முழங்காலை இடித்துக்கொள்கிறேன். சொன்னாலும் யாரும் எடுத்து வைப்பதில்லை. பதினேழாவது மர நாற்காலி, என் மாமனுக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதன் மூன்று கால்கள் தேக்கு, ஒன்று வேம்பு. அந்த வேப்பங்கால் வந்த விதத்தை எழுதி வைக்கிறேன். தெரிந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷங்களில், நாமக்கல்லுக்கு ஆறு மைலில் இருந்த எங்கள் ஊரில் வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு, நாற்காலிகள் மூன்று. ஒன்று எங்கள் வீட்டில், அப்பா மணியக்காரர் என்பதால். வரி வசூல், புகார், பிறப்பு இறப்பு எல்லாம் அவரிடம்தான். ஊருக்குச் சர்க்கார் என்றால் அவர். இரண்டாவது மளிகைக்கடைக்காரர் வீட்டில். மூன்றாவது அடுத்த தெருவில், அம்மாவின் தம்பியான என் மாமன் வீட்டில்.

வருஷத்துக்கு ஒரு முறை தாசில்தார் மாந்தோப்பில் முகாம் போடுவார். அவரோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் போலீஸ் சப் இன்ஸ்பெக்டரும் வருவார்கள். உட்காரத் தகுந்தவர்கள் மூன்று பேர். ஆகவே மூன்று நாற்காலிகளும் தோப்புக்குப் போக வேண்டும். விறகும் பாலும் கோழியும் அப்படித்தான் போயின. யாரும் கேட்பதுமில்லை, யாரும் மறுப்பதுமில்லை. ஊர்த் தலையாரி வந்து வாசலில் நிற்பார். கொடுத்ததைத் தலையில் சுமந்துபோவார். அவர் பத்து வருஷமாக அந்த நாற்காலிகளைச் சுமந்திருக்கிறார், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. அது அப்போது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து எண்ணினேன்: போனவர்கள் முப்பத்தொரு பேர், கழற்றாதவர்கள் ஒன்பது. அப்பாவும் பார்த்திருப்பார். கதர் கட்டியவர்கள் மூன்று பேர் ஆனார்கள். இரண்டு பேர் சேலத்துக்குப் போய் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். மூன்றாமவர் என் மாமன். தான் இன்னும் போகவில்லையே என்பது அவருக்குப் பெரிய வெட்கம்.

அந்த வருஷ முகாமன்று தலையாரி மாமன் வீட்டிலிருந்து வெறுந்தலையோடு திரும்பினார்.

"நாக்காலி வராதாமுங்க."

"ஏனாம்?" என்றார் அப்பா.

"சர்க்காருக்கு இனி ஒரு துரும்புங்கூடக் கெடையாதாமுங்க. மச்சாங்கிட்டயும் சொல்லு, மணியக்காரர்கிட்டயும் சொல்லுன்னாருங்க."

"ரெண்டு பேரும் கேட்டாச்சுன்னு சொல்லு" என்று அப்பா தோப்புக்குக் கிளம்பினார்.

தோப்பில் சப் இன்ஸ்பெக்டர் நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாவது எங்கே என்று தாசில்தார் கேட்டார். உள்ளதைச் சொன்னால் மாமனை அன்றைக்கே விலங்கு மாட்டிக் கொண்டுபோவார்கள். மறைத்தது தெரிந்தால் மணியம் போய்விடும். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருந்த வேலை அது. அதை விட்டால் எங்களுக்கு மானாவாரிக் காடு நான்கு ஏக்கர்தான்.

"கால் ஒடிஞ்சு போச்சுங்க எசமான்" என்றார் அப்பா.

"ஒடிஞ்சதையே கொண்டாரச் சொல்லும். பார்ப்போம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். மூன்றாவது நாற்காலி கதர் கட்டியவர் வீட்டிலிருந்து வருவது என்பது அவருக்குத் தெரியும்.

தலையாரி ஓடிவந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மா கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையைக் கீழே வைக்காமல் அப்படியே அடுத்த தெருவுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். மாமன் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்.

"எந்திரி சாமி."

"எதுக்கக்கா?"

"காலை ஒடிக்கோணும். ஒடிஞ்சு போச்சுன்னு உன்ற மச்சான் சொல்லிப்போட்டாரு."

"அவரு சொன்ன பொய்க்கு நான் நாக்காலிய ஒடிக்கோணுமா? போலீசை வரச் சொல்லு. நான் மூட்டை கட்டி வெச்சு எட்டு நாளாச்சு."

"பாத்தேன் உன்ற மூட்டைய. ரெண்டு வேட்டியும் ஒரு ஊறுகாச் சட்டியும். செயிலுக்குப் போறியா, விருந்துக்குப் போறியா?"

உள்ளே அத்தை சிரித்துவிட்டாள். மாமனின் முகம் சிவந்தது.

"நான் சத்தியத்துக்காகப் போறேன்."

"போ. நாளைக்குப் போ. இன்னிக்கு எங்க ஊட்டு அடுப்பை அணைச்சுப்போட்டுப் போகாதே."

மாமன் எழுந்தார். சம்மதித்து எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அக்கா உலக்கையோடு நிற்கும்போது உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். ஐந்தாவது அடியில் முன்பக்கத்து இடது கால் ஒடிந்தது. தலையாரி நாற்காலியைத் தலையிலும் ஒடிந்த காலைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு போனார்.

தாசில்தார் ஒடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாராம். புதிதாக ஒடிந்த மரம், உள்ளே பளிச்சென்று இருந்தது. அப்பாவைப் பார்த்தார். பிறகு சப் இன்ஸ்பெக்டரிடம், "இற்றுப்போன மரம். நீர் அந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்காரும்" என்றார். முகாம் முடிந்தது. மணியம் தப்பியது. அன்று மாலை அப்பா அம்மாவிடம், "அஞ்சு வருசத்துக்கு முன்னால இதே மனுசன் என்னைத் தொலைச்சிருப்பாரு. அடுத்தாப்பல யாரு எசமானா வருவாங்கன்னு இப்ப அவருக்கே யோசனை வந்திருச்சு" என்றார்.

மாமன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். நான்கு தீபாவளிகள். சீர் மட்டும் அத்தை கையில் தவறாமல் வந்தது. அவர் சிறைக்கும் போகவில்லை. மறுநாள் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அது கிடைக்கவில்லை. பிறகு போலீஸ் ஆள் பிடிப்பதும் நின்றுவிட்டது. வேப்பங்காலை அவரே செதுக்கிப் பொருத்தினார்.

சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்தின் முன் கொடி ஏற்றினார்கள். சிறைக்குப் போய்வந்த இரண்டு பேர், நாமக்கல்லிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர்: மறுபடியும் மூன்று நாற்காலிகள் தேவைப்பட்டன. அப்பாதான் ஏற்பாடு, அதே தலையாரிதான் சுமந்தார். மாமன் தூசி தட்டி முதல் ஆளாகக் கொடுத்தனுப்பினார். அவருடைய நாற்காலியில் சிறைக்குப் போய்வந்தவர் ஒருவர் உட்கார்ந்தார். மாமன் கூட்டத்தில் நின்றார். கொடிப்பாட்டு முடியும்வரை அவர் பார்வை கொடியில் இல்லை, அந்த வேப்பங்காலில் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் நின்ற பக்கமாக வந்தார்.

"ஆடுச்சாக்கா?"

நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது.

"இல்ல சாமி. கெட்டியாத்தான் நின்னுச்சு."

"அன்னிக்குச் செயிலுக்குப் போயிருந்தா அதுல நான் உக்காந்திருப்பேன்."

"தெரியும்" என்றாள் அம்மா.

தலையாரி சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலிக்குக் குனிந்தார். "உடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்று மாமன் அதைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். மாமன் தன்னிடம் 'ங்க' போட்டுப் பேசித் தலையாரி அதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"இந்தப் புத்தி முன்னாலயே வந்திருந்தா ஒரு தேக்கங்கால் மிச்சம்" என்றாள் அம்மா.

மாமன் திரும்பாமல் நடந்தார். என்ன செய்வதென்று தெரியாத தலையாரி, சும்மாட்டை அவிழ்க்காமலே வெறுங்கையோடு அவர் வீடுவரை பின்னால் போனார்.