முப்பத்தோராம் பாட்டின் வாரிசு

மொந்தேரிவா ஊரார் தங்கள் கவிஞரை 1304-ஆம் ஆண்டு மணியடித்து விரட்டினர். அவர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கஸ்தெல்பூயோவில் செத்து எலும்பான பிறகு, மண்ணின் மைந்தர் என்று கொண்டாடத் தொடங்கினர். எலும்பைத் திருப்பித் தர அக்கரைக்காரர்கள் மறுத்ததால் இரண்டு ஊருக்கும் இன்றுவரை ஆகாது.

விரட்டப்பட்ட கவிஞரும் சும்மா இருக்கவில்லை. ஊரை வைது எண்பத்து நான்கு பாட்டு எழுதினார். வசவும் இலக்கியமே என்று பேராசிரியர்கள் தீர்ப்பளித்ததும், ஊரார் அவற்றைப் பளிங்கில் பொறித்து, எந்தக் குடும்பத்தை வைதாரோ அந்தக் குடும்பத்தின் சுவரிலேயே பெருமையுடன் பதித்தனர்.

முப்பத்தோராம் பாட்டு பாலாடைக்கட்டி வியாபாரி பிரக்கலோனியைப் பற்றியது. தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அமுக்கி ஏழைகளை ஏய்த்தவன் என்பது அதன் சாரம். அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1926-இல் பிறந்த எர்சீலியோ பிரக்கலோனி செய்த ஒரே குற்றம், அதே பெயருடன் அதே தெருவில் அதே வியாபாரத்தைச் செய்தது. அவர் கடையில் வாங்கியதை எதிர்ப்புற மருந்துக்கடைத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பது ஊர் வழக்கம். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எடை குறைந்ததில்லை. அதனால் வழக்கம் நின்றுவிடுமா என்ன? இலக்கியத்தின் நிலைத்த தாக்கம் என்பது வேறென்ன?

“என்னக்கா, இன்னைக்காவது குறைஞ்சுதா?” என்று ரொட்டிக்கடைக்காரி தீர்ச்சேயிடம் அவர் கேட்பார்.

“சரியாத்தான்யா இருக்கு. அதான் பயமா இருக்கு. நாப்பது வருஷமா மாட்டிக்காம இருக்கேன்னா, நீ எப்பேர்ப்பட்ட கைகாரன்!”

சாவதற்குள் இந்தப் பழியைத் துடைத்துவிட வேண்டும் என்பதே எர்சீலியோவின் ஒரே ஆசை. கடைகள் மூடியிருக்கும் வியாழன் பிற்பகல்களில், பதினோரு ஆண்டுகள், கோயில் பதிவேடுகளையும் பழைய உயில்களையும் புரட்டினார். 1987 பிப்ரவரியில் விடை கிடைத்தது. பாட்டில் வரும் பிரக்கலோனியின் வம்சம் 1348-இன் கொள்ளைநோயில் பூண்டோடு அழிந்திருந்தது. எர்சீலியோவின் முன்னோர் 1611-இல்தான் இந்த ஊருக்கு வந்தவர். பெயர் மட்டுமே ஒற்றுமை. உடனே, தன் கடைச் சுவரிலிருக்கும் பளிங்கை அகற்றக் கோரி நகரமன்றத்திற்கு மனுக் கொடுத்தார். “வம்சம் அற்றது” என்ற வரியின் கீழ்ச் சிவப்புக் கோடும் இட்டிருந்தார். மற்ற வரிகளை அவ்வளவு கவனிக்கவில்லை.

மன்றத்தில் எழுத்தர் நெல்லோ, கோடிடாத வரிகளையும் சேர்த்தே வாசித்தார். “திருமணப் பதிவு, 1611. மணமகன் ஜாக்கொமோ பிரக்கலோனி. பிறந்த ஊர், கஸ்தெல்பூயோ.”



“ஐயையோ! எலும்புத் திருடனுங்க ஊரா?” என்றாள் பார்வையாளர் வரிசையிலிருந்த தீர்ச்சே.

மேயர் ஒத்தாவியா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீங்க நம்ம ஊர்க்காரரே இல்லையா?”

“மேயரம்மா, அது நடந்து முந்நூத்தி எழுபத்தாறு வருஷமாச்சு!”

“எலும்பைக் குடுங்கன்னு நாம அதுக்கும் முன்னாடியிருந்து கடுதாசி போட்டுக்கிட்டு இருக்கோம். பதில் வந்துச்சா?”

“ஏமாத்துக்காரனா இருந்தாலும் நம்ம ஏமாத்துக்காரன்னு இருந்தேனே!” தீர்ச்சேயின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “இத்தனை வருஷம் ஒரு அக்கரைக்காரன் கையாலயா வாங்கித் தின்னேன்?”

எர்சீலியோவின் பக்கத்தில் அமர்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார். திருடன் என்று நாள்தோறும் கேலி செய்தவர்கள் ஒருநாளும் அப்படி நகர்ந்ததில்லை. பதினோரு ஆண்டு உழைப்பை எர்சீலியோ ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு எழுந்தார்.

“மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“காரணம் சொல்லணும்” என்றார் மேயர்.

“படிச்சதுல தப்பு நடந்துபோச்சு. தராசை அமுக்கினவன் எங்க பாட்டன்தான்.”

நெல்லோ குறிப்பேட்டில் எழுதினார். எர்சீலியோ அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: ‘பாட்டனாக இருக்கக்கூடும் என மனுதாரர் கருதுகிறார்.’

“இருக்கக்கூடுமா? யாரைக் கேட்டுய்யா எழுதின?” என்று சீறினார். “அடிச்சுட்டு, சந்தேகமே இல்லைன்னு எழுது. அந்த ஆளு திருடினது, ஏழை வயித்துல அடிச்சது, ஒண்ணு விடாம எழுது. நாளைக்கு எவனும் என்னை அக்கரைக்காரன்னு சொல்லிடக் கூடாது.”

நெல்லோ அடித்துத் திருத்தினார். எர்சீலியோ ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.