லாமாரா கடைக்கு வந்தவள்

பகுரியானி என்ற பனிமலை ஊரில் பிள்ளைகள் சறுக்கிப் பழகும் சின்னச் சரிவின் அடிவாரத்தில் லாமாராவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பலகை வீடு, நீள மேசைகள், நடுவில் விறகு அடுப்பு. மேலே ஓட்டல்களில் ஒரு குடும்பம் மதியம் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் சறுக்குவதற்குக் காசு இருக்காது. அதனால் திபிலிசி, குத்தாயிசி நகரங்களிலிருந்து வருகிற நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் லாமாராவிடம்தான் வந்து சேரும். மண்சட்டியில் லோபியோ, அதாவது வால்நட்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்ட சிவப்பு பீன்ஸ் குழம்பு. தொட்டுக்கொள்ளச் சோள ரொட்டி. ஒரு சட்டியை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் அவள் முகம் சுளிக்க மாட்டாள். வீட்டிலிருந்து அவித்த முட்டையும் கோழியும் பையில் கட்டி வருகிறவர்களை மற்ற இடங்களில் வெளியே அனுப்புவார்கள். லாமாரா உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைப்பாள்.

"பனியில ஆடுன பிள்ள பசிச்சா அழாது, சண்ட போடும்" என்பாள். "சண்ட போட்டா அப்பனும் ஆத்தாளும் சேந்து போடுவாங்க. அப்புறம் என்னத்த லீவு?"

இளவயதில் கீழே போர்ஜோமி ஊரில் தண்ணீர் பாட்டில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்தவள். ஒன்றாக இருந்த பெரிய நாடு உடைந்து, மின்சாரம் போய், ஆலையும் மூடியபோது புருஷன் வாஜாவோடு மலையேறினாள். அவனுக்குச் சறுக்க வருகிறவர்களைக் கம்பியில் தொங்கும் இருக்கையில் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டை ஓட்டுகிற வேலை கிடைத்தது. அவள் லிஃப்ட் அடியில் ஒரு மேசை போட்டு, சீஸ் ரொட்டி சுட்டு விற்றாள். மேசை கொட்டகையாகி, கொட்டகை வீடானது. ஆலை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அவளுடையது. அது போதாதென்று வாஜா எங்கிருந்தோ ஒரு பழைய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, கடைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு கம்பம் நட்டுக் கட்டிவிட்டான். மைக் அடுப்படியில் இருந்தது. குளிர்காலம் முழுக்க, மதியமானால் லாமாராவின் குரல் சரிவு முழுவதும் கேட்கும்.

"உள்ளே வாங்க, உள்ளே வாங்க! சூடா இருக்கு. லோபியோ இருக்கு, சீஸ் ரொட்டி இருக்கு. குழந்தைங்களுக்குப் பாதி விலை. லாமாரா கடைக்கு வாங்க!"

அவளுக்கு நெஞ்சுச் சளி. 'குழந்தைங்களுக்கு' என்று சொல்லும்போது மூச்சு ஒருமுறை இழுத்துக்கொள்ளும். வாடிக்கைக்காரப் பிள்ளைகள் அதையும் சேர்த்து நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் தொலைந்து போனாலும் அதே மைக்கில்தான் அறிவிப்பு.

ஒரு வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், மதியத்துக்கு முன்பே மூடுபனி இறங்கியது. முதலில் மலை உச்சி மறைந்தது, பிறகு லிஃப்ட் கம்பங்கள், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே நின்ற சறுக்கு வண்டிகளும் தெரியவில்லை. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். கடை நிரம்பி வழிந்தது. ஈரக் கையுறைகள் அடுப்பைச் சுற்றித் தொங்கின. தரையெல்லாம் பனி உருகிய தண்ணீர்.

வாஜா ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஆறு வயது இருக்கும். தொப்பி இல்லை.

"காட்டோரமா நின்னுட்டிருந்தான்" என்றான் வாஜா. "கூப்டா திரும்பல. தோளத் தொட்டப்புறந்தான் பாத்தான்."

லாமாரா பையனை அடுப்பருகே உட்கார வைத்து, ஒரு சட்டியை முன்னால் தள்ளினாள்.

"உன் பேரென்னடா?"

"தோர்னிகே."

"யாரோட வந்தே?"

"அம்மாவோட. அம்மா மேல போச்சு. ரெண்டு தடவ சறுக்கிட்டு வரேன்னுச்சு."

அவள் போய் மைக்கை எடுத்தாள். "தோர்னிகே இங்க இருக்கான். தோர்னிகே வீட்டுக்காரங்க லாமாரா கடைக்கு வாங்க. பையனைக் கூட்டிட்டுப் போங்க." பெயரின் நடுவில் இருமல் வந்து, 'தோர்னி' என்று நின்று 'கே' என்று முடிந்தது.

காட்டில் மோதி அவள் குரல் திரும்பி வருவது வழக்கம். அன்றும் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. அறிவிப்பு முழுவதும் வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. தோர்னி, கே. சற்று விட்டு மறுபடியும் தோர்னி, கே. லாமாரா அதற்குள் மைக்கை அணைத்திருந்தாள். மூடுபனியில் சத்தம் இப்படித்தான் அலையும் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைத் திருப்பிப் போடப் போனாள்.

கதவு திறந்தது. நீல நிறச் சறுக்கு உடுப்பில் ஒரு பெண். முப்பது வயது மதிக்கலாம். பார்க்க லட்சணமான, நாளைக்கு நினைவில் நிற்காத முகம். கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"தோர்னி, கே" என்றாள்.

"அப்பாடா, அம்மா வந்தாச்சு" என்றார் பக்கத்து மேசை குராமி. குத்தாயிசிக்காரர், பருத்த ஆள், வருஷா வருஷம் மூன்று பெண்பிள்ளைகளோடு வருகிறவர். "கதவச் சாத்தும்மா, குளிருது."

அவள் கதவைச் சாத்தவில்லை. பையனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இங்க இருக்கான். கூட்டிட்டுப் போங்க."

"பாவம், குளிர்ல நாக்கு உளறுது" என்றாள் குராமியின் மனைவி.

லாமாராவும் அப்படித்தான் நினைத்தாள். பையனை எழுப்பக் கையைப் பிடித்தாள். பையன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியம்மா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அது எங்கம்மா இல்ல."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுடா. திட்டுனாங்களா?"

"அது எங்கம்மா இல்ல."

அடி வாங்கிய பிள்ளைகள் சொல்கிற பேச்சுதான். லாமாரா எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் அவன் மேசையைப் பிடித்திருந்த விதம் கோபித்துக்கொண்ட பிள்ளையின் பிடி போல் இல்லை. அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"உள்ள வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போம்மா. வெளியில ஒண்ணும் தெரியல, எப்படிக் கூட்டிட்டுப் போவே?"

"சூடா இருக்கு" என்றாள் அவள்.

"ஆமா, சூடாத்தான் இருக்கு. வா."

"லோபியோ இருக்கு. சீஸ் ரொட்டி இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது. "குழந்தைங்களுக்குப் பாதி விலை."

'குழந்தைங்களுக்கு' என்ற சொல்லின் நடுவில் மூச்சு ஒருமுறை இழுத்துக்கொண்டது.

அது லாமாராவின் மூச்சு. அவளுடைய சளி. அந்தப் பெண் வாயைத் திறந்ததிலிருந்து பேசிய ஒவ்வொரு சொல்லும் ஒலிபெருக்கியில் லாமாரா சொன்னது. அதைத் தாண்டி ஒரு சொல்கூட அவளிடம் இல்லை.

"பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் லாமாரா.

"உள்ளே வாங்க."

"நீ எந்த ஊரு?"

"உள்ளே வாங்க, உள்ளே வாங்க." சொல்லிக்கொண்டே அவள் கையால் காட்டியது வெளியே, திறந்த கதவுக்கு அப்பால் நின்ற வெள்ளையை.

கடையில் பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. குராமி மட்டும் பொறுமையிழந்து, "என்ன லாமாரா, பெத்தவகிட்டப் போயி விசாரண பண்றே? குடுத்தனுப்பு" என்றார்.

"பெத்தவளா?" என்றாள் லாமாரா. "உன் பொண்டாட்டி உம் பொண்ணுங்கள என்னான்னு கூப்புடுவா?"

"அம்மான்னு கூப்புடுவா. வேற எப்படி?"

அந்த ஊரில் எந்தத் தாயும் தன் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆண் பிள்ளையானாலும் அம்மாதான். வாம்மா, சாப்பிடும்மா, விழுந்துடாதேம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம்.

"காணாமப் போன பிள்ளயப் பாத்ததும் ஒரு தாய் வாயில மொதல்ல என்ன வரும்? இவ வந்து இவ்ளோ நேரமாச்சு. ஒரு தடவ சொன்னாளா?"

குராமியின் மனைவி எட்டித் தன் கடைசிப் பெண்ணை மடியில் இழுத்துக்கொண்டாள்.

லாமாரா பையனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். கையில் ரொட்டி திருப்புகிற தட்டைக் கரண்டி. "எங்க, கூப்புடு அவன" என்றாள்.

"தோர்னி, கே" என்றாள் அவள்.

"அப்படியில்ல. உம்புள்ளையக் கூப்புடுற மாதிரி கூப்புடு."

அவள் உதடுகள் அசைந்தன. ஒலிபெருக்கியில் கேட்காத சொல்லைத் தேடுகிற அசைவு. கிடைக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுப்பையே பார்த்தாள். அப்புறம் சட்டியைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் சூட்டுக்கு எதிரே நின்றும் அவள் தோளில் இருந்த பனி உருகவில்லை என்பதையும், எல்லார் காலடியிலும் தேங்கிய தண்ணீர் அவள் காலடியில் மட்டும் இல்லை என்பதையும் லாமாரா அப்போதுதான் கவனித்தாள்.

"போ" என்றாள். "இவன் உனக்கில்ல. போயிடு."

அந்தப் பெண் திரும்பாமலே பின்னால் நடந்தாள். ஓரடி, இன்னொரு அடி. மூடுபனி அவளை முதுகிலிருந்து மூடிக்கொண்டு வந்து கடைசியில் முகத்தையும் மூடியது. வாஜா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

யாரும் சாப்பிடவில்லை. அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் லாமாரா அசைந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே அழுகையும் மூச்சிரைப்புமாக ஒரு குரல். "அம்மா! என் அம்மா உள்ள இருக்கானா? ஐயோ, தொறங்களேன், அம்மா!"

பையன் சட்டியைத் தட்டிவிட்டு ஓடினான். வாஜா தாழை நீக்கினான். முழங்கால் வரை பனி அப்பிய ஒரு பெண் உள்ளே விழுந்து, பையனைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேர் தேயா. லிஃப்ட் நின்றதால் மேலே மாட்டிக்கொண்டு, கம்பம் கம்பமாகத் தடவி நடந்து வந்திருக்கிறாள். அவளைச் சுற்றித் தண்ணீர் பெருகி ஓடியது. அதைப் பார்த்ததும்தான் லாமாரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் நிக்கச் சொன்ன எடத்த விட்டு ஏம்மா போனே?" என்று தேயா மகனைக் கேட்டாள்.

"அது வந்து கையப் பிடிச்சுச்சு" என்றான் பையன். "பாதி விலை, பாதி விலைன்னு சொல்லிச்சு. சாப்பாட்டுக் கடைக்காரங்கன்னு நெனச்சுப் போனேன். ஆனா காட்டுக்குள்ள போச்சு. இந்த மாமா வந்ததும் விட்டுடுச்சு."

மூடுபனி சற்று விலகியதும் வாஜாவும் குராமியும் இன்னும் இரண்டு பேரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். கதவிலிருந்து தடம் நேராக ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் போனது. கம்பத்தடியில் பனி கல்லாக இறுகி, வழவழவென்று மிதிபட்டுக் கிடந்தது. ஒரே நாளில் அப்படி இறுகாது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து யாரோ அங்கேயே நின்று நின்று மிதித்த தரை அது. மேலே நிமிர்ந்தால் ஒலிபெருக்கியின் வாய்.

குராமி திரும்பி வந்து லாமாராவிடம், "கொடுத்தனுப்புன்னு சொன்னேனே நான்" என்றார். அவள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளும்தானே பையனை எழுப்பக் கையைப் பிடித்தாள்.

அன்று எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரே கூட்டமாகத்தான் கிளம்பினார்கள். வேன்கள் நிற்கும் இடம் வரை பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி நடந்தார்கள். மறுநாளே வாஜா ஏணி போட்டு ஒலிபெருக்கியைக் கழற்றினான். பனி உருகியதும் கம்பத்தையும் தோண்டி எடுத்தான். அதனடியில் எலும்போ துணியோ ஏதாவது இருக்கும் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். மண்ணும் வேரும்தான் இருந்தன. "ஏதாவது கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் லாமாரா. "பாதிரியாரக் கூப்ட்டுப் பொதச்சிருக்கலாம்."

"ஒரு சட்டி லோபியோவக் காட்டோரமா வச்சா என்ன?" என்று வாஜா ஒருநாள் கேட்டான். "பசியாத்தான் இருந்திருக்கும். நீதானே தெனம் வா வான்னு கூப்ட்டே."

அது அவள் மனதையும் அறுத்துக்கொண்டிருந்த விஷயம்தான். ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தாள். "வேணாம். ருசி கண்டுச்சுன்னா?"

அறிவிப்பு நின்றதும் மார்ச் மாதம் வியாபாரம் படுத்தது. மறு குளிர்காலத்தில் தானாக எழுந்துகொண்டது. மலிவான இடத்தைக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும், அதற்கு மைக் தேவையில்லை. தேயா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முன்பல் விழுந்திருந்த தோர்னிகே இரண்டு சட்டி காலி செய்தான். எல்லாப் பிள்ளைகளையும் போல மேசைக்கு அடியில் புகுந்து விளையாடினான்.

லாமாரா இப்போது தணிந்த குரலில்தான் பேசுகிறாள். சமையலறைக்கு ஆர்டர் சொல்வதானாலும் நடந்து போய்ச் சமைக்கிறவர் காதருகே சொல்கிறாள். புதிதாக வருகிறவர்கள் அவளைப் பிறவியிலேயே சாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை யாராவது தொலைந்துவிட்டால் வாஜா சரிவில் இறங்கி நேரில் தேடுகிறான், பேரைச் சத்தமாகச் சொல்லாமல். மூடுபனி இறங்கும் நாட்களில் மதியத்தோடு அடுப்பை அணைத்துவிட்டு, கடைசிக் குடும்பத்தின் வேனிலேயே இரண்டு பேரும் ஊருக்குள் போய்விடுகிறார்கள்.