உமாபதி அண்ணன் விட்டுவிட்ட உள்பெட்டி

எந்தக் கணினித் திரையை வடிவமைத்தாலும் உமாபதி அண்ணன் முதலில் எல்லாப் பட்டன்களையும் கட்டங்களையும் ஒரே பேனலுக்குள் இழுத்துப் போடுவார். மலேசியாவில், கோலசிலாங்கூரில் கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ஆறு வருடமாக அதைப் பார்த்தேன். "கூட்டமா கட்டிட்டா மேய்க்க லேசுலா. எங்கப்பா தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு. காலைல ஆள்கணக்கு எடுக்குற பெரட்டுல ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி பேசிக்கிட்டா நின்னாரு?" என்பார்.

ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக்கு அவர்தான் நிரல் எழுதினார். லோரி எண், எடை, ஓட்டுநர் பெயர் எல்லாம் ஒரு பேனலில். அதற்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி. பழக்குலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று நான்கு வட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு லோரி போனதும் திரை காலியாகிவிடும்.

"தோட்டத்தத் தொடாம சேவ் பண்ண விடாதும்மா, பயப்படாத" என்று எடைமேடையில் பதிவு செய்யும் கிராணி திலகம் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் மாதம், புக்கிட் பெலிம்பிங் தோட்டத்து லோரிகள் பதினேழு வேறு தோட்டத்தின் பெயரில் பதிவாகியிருந்தன. அக்கா போன் செய்தார்.

"அண்ணே, நான் கைப்போன நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு மேனேஜர் சொல்றாருண்ணே. விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பார்க்கிறேம்மா."

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையைக் காலி செய்யும் வரிகள் பேனலில் நேராக இருந்தவற்றை மட்டும் அழித்தன. உள்பெட்டிக்குள் இறங்கவே இல்லை. முந்தைய லோரியின் தோட்டம் அப்படியே நின்றது. நிரலும் அதையே தேர்வு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு வரி சேர்த்துச் சரிசெய்தார். ஆலைக்கு அனுப்பிய குறிப்பில் "சிறு மாற்றம்" என்று மட்டும் எழுதினார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடலாமேண்ணே?" என்றேன்.

"இப்ப சொன்னா அந்த ஆலை கைய விட்டுப் போயிடும்லா. அடுத்த வாரம் நானே நேர்ல போயி சொல்றேன்."

ஆலை தஞ்சோங் காராங் போகும் வழியில்தான். இருபது நிமிடம். ஒவ்வொரு திங்களும் அடுத்த வாரமானது. அதற்குள் அக்காவை வெயிலில் குலை பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதமும் ஏறியது. ஐந்தாம் மாதம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

என் வீட்டில் முதல் பட்டதாரி நான். கிடைத்த வேலை போய்விடுமோ என்றுதான் வாயை மூடியிருந்தேனா, அவரே சொல்லட்டும் என்ற மரியாதையா? இன்னும் தெரியவில்லை.

சாவு வீட்டுக்குத் திலகம் அக்காவும் வந்திருந்தார். "நல்ல மனுஷன். அன்னிக்கு என்னைய ஒரு வார்த்த திட்டல" என்று அழுதார். நான் தலையாட்டினேன்.

'தவறு என் நிரலில்தான்' என்று அண்ணன் அந்த ஆலையில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றுவரை அதை அங்கே யாரும் சொல்லவில்லை.