காது வழியே வந்த பீடிப் புகை

வளப்பில் வீட்டு இம்பிச்சாலி (1949–2016). திக்கோடிக் கடற்கரையில் கல்லும்மக்காய் பறித்து வாழ்ந்தவர். பாறைகளில் கொத்தாக ஒட்டி வளரும் அந்தக் கறுப்புச் சிப்பிகளை, மூச்சடக்கி மூழ்கி, இரும்புப் பட்டையால் பெயர்த்து, இடுப்பிலுள்ள வலைப்பையில் சேர்ப்பது அவர் தொழில்.

ஆழத்தில் தண்ணீர் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் ஒரு சிறு சத்தம் கேட்கும், வலி நின்றுவிடும். இந்தப் பழக்கம் எங்கள் கரையில் எல்லோருக்கும் உண்டு. இம்பிச்சாலிக்கு அது மூச்சு விடுவதைப் போல இயல்பாக வரும்.

1983ஆம் ஆண்டு நவம்பரில் அவருக்குக் கடுமையான ஜலதோஷம். பாறைகளில் காய் முற்றியிருந்தது. மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று மூக்கடைப்புடனேயே இறங்கினார். ஊதியும் வலக்காது வழிவிடவில்லை. இன்னும் பலமாக ஊதினார். அன்று மாலையே காய்ச்சல். அதன்பின் காதைப் பொத்திக்கொண்டு பாயில் புரண்டார். மனைவி குஞ்ஞீவி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றினாள். ஒரு விடியலில் தலையணை ஈரமாயிருந்தது. வலி முற்றிலும் நின்றிருந்தது.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. சளி விட்ட பிறகு மூக்கைப் பிடித்து ஊதினால், காற்று வலக்காது வழியே சீழ்க்கையடித்து வெளியேறிற்று. சாயாக்கடையில் பீடியை இழுத்து, வாயையும் மூக்கையும் மூடி, காது வழியே புகை விட்டுக் காட்டினார்.

"ரயில் இஞ்சின் தோத்துது போ!" என்று கூட்டம் சிரித்தது.

"காது திறந்துக்கிச்சுடா. இனி எவ்வளவு ஆழம் போனாலும் எனக்கு வலியே கிடையாது" என்றார் இம்பிச்சாலி.

குஞ்ஞீவிக்குச் சிரிப்பு வரவில்லை. புகை வெளியே வருமானால் தண்ணீர் உள்ளே போகாதா என்பதே அவள் கவலை. விடாப்பிடியாகக் கொயிலாண்டியிலிருந்த காது டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

"செவிப்பறைக்குப் பின்னாடி சின்னதா ஒரு காத்தறை இருக்கு" என்றார் டாக்டர். "அங்கேயிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் பின்னாடி வந்து திறக்குது. எச்சில் முழுங்குறப்போ அது திறந்து புதுக் காத்து போகும். ஜலதோஷத்துல குழாய் வீங்கி அடைச்சுக்கும். உள்ளே இருக்கிற காத்தை உடம்பு உறிஞ்சிடும். அந்த இடத்துல நீர் கசியும். மூக்குல இருக்கிற கிருமி சேர்ந்தா சீழாகும். நீங்க பலமா ஊதி, அந்தக் கிருமியை மேலே ஏத்திவிட்டிருக்கீங்க."

"அப்போ வலி எப்படிங்க நின்னுச்சு?" என்றார் இம்பிச்சாலி.

"சீழ் பறையை ஓட்டை போட்டு வெளியே வந்துடுச்சு. அதான் வலி நின்னுது. அது மூடுற வரைக்கும் சொட்டுத் தண்ணி உள்ளே போகக் கூடாது. எண்ணெயும்தான்."

"குளிர்ந்த தண்ணி போனா என்னாகும், டாக்டர்?" என்று கேட்டாள் குஞ்ஞீவி.

"தலை சுத்தும். கரையில சுத்தினா உக்காந்துக்கலாம்."

மறுவாரம் இம்பிச்சாலி இரும்புப் பட்டையைத் தீட்டத் தொடங்கியதும், குஞ்ஞீவி தன் தம்பி அசைனாரைக் கூப்பிட்டாள். அவர் மூழ்கும்போது படகில் இருப்பவன் அவன்தான்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. இடுப்புல கயிறு கட்டாம இறக்கினே, இந்த வாசல்ல கால் வைக்காதே."

"ஆட்டுக்குட்டியா நான், கயிறு கட்ட?" என்று படகில் சீறினார் இம்பிச்சாலி.

"கட்டிக்கோங்க, மச்சான். கடலைக்கூட சமாளிச்சுடுவேன், கூடப்பிறந்த இத்தாவைச் சமாளிக்க முடியாது."

முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொண்டு இறங்கினார். பாறையருகே நீர் கலங்கலாயிருந்தது. சில்லென்ற தண்ணீர் வலக்காதின் ஓட்டை வழியே உட்புகுந்தது. அந்த நொடியே கடல் சுழன்றது. பாறை தலைக்கு மேலே போயிற்று; பிறகு பக்கவாட்டில் வந்தது. மேலே என்று தோன்றிய திசையில் நீந்தினார். கை மணலில் பட்டது. கரையில் குஞ்ஞீவி கண்கொட்டாமல் நின்றாள். நீர்மட்டத்தில் யாரும் எழவில்லை.

அசைனார் கயிற்றை இழுத்தான். எதிர்ப்பக்கமிருந்து யாரோ இழுப்பதைப் போல் கயிறு விறைத்தது. தன்னை ஆழத்துக்கு இழுக்கிறார்கள் என்றெண்ணிப் போராடியவர் இம்பிச்சாலியே. அசைனார் காலைப் படகின் பலகையில் ஊன்றி, விடாமல் இழுத்தான். முதலில் முதுகு தெரிந்தது, பிறகே தலை.

படகில் கிடந்து வாந்தியெடுத்தார். கண்கள் ஒருபக்கமாகவே துடித்தன.

"மேலே எதுடா?" என்று கேட்டார்.

அசைனார் அழுதுகொண்டே வானத்தைக் காட்டினான்.

கரை சேர்ந்ததும் குஞ்ஞீவி ஓடிவந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்க்க முயன்றாள். நனைந்து இறுகியிருந்தது. கடைசியில் கத்தியால் அறுத்தாள்.

செவிப்பறை மூட நெடுநாளாயிற்று. மூடிய பிறகும் அந்தக் காது மந்தமே. அவர் மீண்டும் மூழ்கவில்லை. அசைனார் இறங்க, அவர் படகிலிருந்து கயிறு பிடித்தார். அசைனார் தும்மினால் அன்று படகை எடுக்கவே மாட்டார். அவர் கடைசியாகக் கயிறு பிடித்தது 2011ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள்; அதுவரை கயிறு கட்டாமல் அசைனாரை ஒருநாளும் இறக்கவில்லை.