பெத்துராஜின் பதினான்கு விதிகள்

பெத்துராஜுக்கு நாக்கின்மேல் அபார நம்பிக்கை. தன் நாக்கின்மேல் மட்டும். வங்காளத் தலைநகரில், லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் அவர் நடத்தும் டிபன் கடையில், அவர் ருசி பார்க்காத சாம்பார் எட்டு வருஷமாக வெளியே போனதில்லை. காய்ச்சலோடு எழுந்து வந்து, ஒரு கரண்டி வாயில் விட்டு, "உப்பு சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்த நாளும் உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டாவது கடை ஆசை பிடித்துக்கொண்டது. பெஹாலாவில் சந்தைக்கு எதிரே ஓர் இடம் காலியாக இருந்தது. துர்கா பூஜை முடிகிறவரை பொறுப்பதாக இடத்துக்காரர் சொல்லியிருந்தார். மனைவி கல்யாணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு கடை சாம்பாரையும் எங்க நின்னு ருசி பாப்பீங்க? நடுவுல பஸ்ஸுலயா?"

அந்தக் கேள்விதான் அவரை மேனேஜ்மென்ட் வகுப்புக்குத் துரத்தியது. சிறு வியாபாரிகளுக்காகச் சரிதா மேடம் என்பவர் ஞாயிறுதோறும் நடத்திய வகுப்பு அது. கோவில்பட்டியில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நாற்பத்தாறு வயதில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "வேலை உங்க தலைக்குள்ளேயே இருந்தா கடை உங்களை விடாது. அதைத் தாள்ல இறக்கி வைங்க" என்றார் மேடம். அன்று மத்தியானமே பெத்துராஜ் இறக்கி வைத்துவிட்டார். அரிசியை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும், ஒரு கிலோ பருப்புக்கு எவ்வளவு சின்ன வெங்காயம் என்று வரிசையாகப் பதினான்கு விதிகள். தமிழில் அவர் எழுத, கீழே வங்காளத்தில் சாதனா எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள்.

சாதனா பெஹாலாக்காரி. கடை திறந்த நாளிலிருந்து அடுப்படி அவளுடையது. பெத்துராஜ் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவள். அவரை மட்டும் அண்ணன் என்ற பொருளில் வங்காளத்து வழக்கப்படி 'தாதா' என்றே கூப்பிடுவாள். பதினான்காவது விதியை எழுதும்போது அவள் பேனாவை நிறுத்தினாள். 'முதலாளியைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.'

"தாதா, இது ஒண்ணே போதுமே. மத்த பதிமூணு எதுக்கு?"

கடைசி ஞாயிறு வகுப்பு, பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எப்படி என்பதைப் பற்றி. அதற்கு மட்டும் பெத்துராஜ் போகவில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம். சாதனாவிடம் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

வருஷா வருஷம் துர்கா பூஜைக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதுதான் வழக்கம். இந்த வருஷம் பூஜைக் கமிட்டி செயலாளர் மொய்த்ரா பாபு வந்து, அஷ்டமி காலையில் அம்மனுக்குப் பூப்போடும் அஞ்சலி முடிந்ததும் பந்தலில் இருநூறு பேருக்கு இட்லி சாம்பார் வேண்டும் என்றார். சைவக் கடைக்காரரிடம் வேறென்ன சொல்வது என்று அதோடு விட்டுவிட்டார். அதே காலையில்தான், தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த கல்யாணி இரண்டு மூட்டை இட்லி அரிசியோடு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள். மூட்டை இறக்க அவர் போயே ஆகவேண்டும். பெத்துராஜ் தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்: இந்த ஒரு காலை தான் இல்லாமல் கடை தாங்கினால், பெஹாலா. தாங்காவிட்டால் ஆயுசுக்கும் ஒரே கடைதான்.

முந்தின நாளே ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை வீட்டில் உட்கார்ந்து தானே உரித்தார். விடியும்போது அதை அடுப்பருகில் வைத்துவிட்டு ரயிலடிக்குக் கிளம்பினார்.

வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். அவருக்குக் கை சும்மா இருக்குமா?

"பருப்பு வெந்துச்சா?"

"வெந்துச்சு தாதா."

"எத்தன விசிலு?"

"தாதா, ஒரு கையில போன், ஒரு கையில கரண்டி. இட்லிய எந்தக் கையால எடுக்க?"

இப்படிப் பதினாறு தடவை. பதினேழாவது தடவை சாதனாவே கூப்பிட்டாள். "தாதா, அந்த வெங்காயம்..." அத்தோடு அவருடைய போன் உயிரை விட்டது.

வெங்காயம் என்ன ஆச்சு? தீய்ந்துவிட்டதா? பத்தவில்லையா? பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கினார். சாதனாவின் எண் ஞாபகத்தில் இல்லை. வந்து இறங்கிய கல்யாணியின் போனோ வழியில் கட்டாக்கிலேயே அணைந்துவிட்டிருந்தது. டாக்சியில் ஏறியதும் விஷயத்தைக் கேட்ட கல்யாணி அவரையே பார்த்தாள்.

"வெங்காயமா? அஷ்டமிக்கா?"

"ஏன்?"

"அஞ்சலி முடிச்சு சாப்பிடுறவங்க வெங்காயம் பூண்டு தொடமாட்டாங்களே! இவங்களுக்கு அதுவும் கறி மீனோட சேத்திதான். மாடி வீட்டு வங்காளிப் பெரியம்மா எத்தன தடவ சொல்லிருக்காங்க. பூஜைக்கு ஒரு வருஷமாச்சும் இங்க இருந்திருந்தாத்தான தெரியும்!"

பெத்துராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதக் கேக்கத்தான் போன் பண்ணிருக்கா. கேக்காம மாத்தக் கூடாதுன்னு நானே எழுதி ஒட்டிருக்கேனே, கல்யாணி!"

பாலத்தில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. வழியில் தென்பட்ட பந்தலெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

இறங்கியதும் மூட்டைகளைக் கல்யாணியிடம் விட்டுவிட்டு ஓடினார். டாக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையும் ஜிப்பாவுமாக வரிசை வரிசையாக ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையை மூடி வைத்தவர் ஒருவர்கூட இல்லை. பெத்துராஜ் நேரே அண்டாவிடம் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். பூசணிக்காய், தூக்கலான பெருங்காயம், அரைத்த தேங்காய். வெங்காயம் மருந்துக்கும் இல்லை. கடைசியில் நாக்கில் ஏதோ தட்டியது.

"வெல்லமா போட்ட?"

"போட்டேன் தாதா. விதியில இல்லதான்." சாதனா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "போன் பேசல. அரை மணி பாத்தேன். அப்புறம் வெங்காயத்தத் தூக்கி உள்ள வச்சுட்டேன். வேலைய விட்டு நிறுத்துறதுன்னா சொல்லுங்க, சாப்பிட்டுப் போறேன்."

பெத்துராஜ் இன்னொரு கரண்டி எடுத்தார். அதற்குள் மொய்த்ரா பாபு வந்து தோளைத் தட்டி, அடுத்த வருஷ அஷ்டமிக்கும் இதே சாம்பார்தான், ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள் என்றார்.

சாயங்காலம் பெத்துராஜ் பேனாவைச் சாதனாவிடம் நீட்டினார். "நீயும் ஒண்ணு எழுது." அவள் பதினான்காவது விதியை அடித்துவிட்டு, கீழே வங்காளத்தில் ஒரு வரி எழுதினாள். பெத்துராஜுக்கு வங்காளம் பேச வரும், வாசிக்க வராது. கல்யாணி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"வெளிய போற முதலாளி போனுக்குச் சார்ஜ் போட்டுட்டுப் போகணுமாம். போட்டாலும் ஒரு தடவதான் கூப்பிடணுமாம்."

பெத்துராஜ் மறுபேச்சில்லாமல் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப பெஹாலாவுல சாம்பார் யாரு ருசி பாக்கிறது?" என்றாள் கல்யாணி.

"சாதனாதான். அவ ஊருதான அது." பேனாவை மூடினார். "ஞாயித்துக்கிழம மட்டும் நான் ஒரு எட்டு..."

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி. மாசத்துல ஒரு ஞாயிறு."