வேனில் ஏறாமல் அண்ணன் போட்ட பட்டறை

எங்கள் அன்பு அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும், "நீதான பிரஸ்ல வேல பாக்க, நீயே எழுது" என்று மதினி சொல்லிவிட்டார்கள். பிரஸ்ஸில் நான் தாள் மடிக்கிறவள். மடிப்பது வேறு, எழுதுவது வேறு என்று எடுத்துச் சொல்லக்கூட இப்போது தெம்பில்லை. உறவுகளும் நண்பர்களும் குறை பொறுக்க வேண்டும்.

அண்ணன் அவர்கள் பிறந்தது காரியாபட்டி பக்கம் ஒரு சிறிய கிராமத்தில். மழை பொய்த்த ஒரு வருடம் அப்பா எங்களைத் திருத்தங்கலுக்குக் கூட்டி வந்து பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கே பிடித்த தீயில்தான் அப்பா போனார்கள். அதன்பின் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தது அண்ணன். மெக்கானிக் வேலை கற்றிருந்தும், வாரச் சம்பளம் நிச்சயம் என்று அவர்களும் கம்பெனி வேனில்தான் ஏறினார்கள். என்னைக் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். சாயங்காலம் வந்து, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் மொபெட் பழுது பார்ப்பார்கள். ஒரு காலத்தில் பெரியப்பா டெம்போ நிறுத்திய ஷெட் அது. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

ஒரு சீசனில் கம்பெனியில் பக்கத்து அறை தீப்பிடித்து, அண்ணன் ஓடித் தப்பித்தார்கள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"மறுபடி வேன்ல ஏறுனீகன்னா, நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஏழாயிரம்பண்ணைக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

"அங்கன போனா மட்டும் என்ன? அங்கயும் வேன்தான் வருது" என்றார்கள் அண்ணன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனி பூஜை போட்டுத் திறப்பதற்குள் அந்த ஷெட் ஒரு பட்டறையாக வேண்டும், நாலு வண்டி வர வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் திரும்ப வெடிமருந்து அறைக்குத்தான் போக வேண்டும். கையில் காசு கிடையாது. வீடு கட்டுகிற இடங்களில் ஒதுக்கிப் போட்ட உடைந்த டைல்ஸைப் பொறுக்கி வந்து தரையில் பதித்தோம். எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் பகுதியில் கழித்த மேஜை, பட்டறை மேஜையானது. சுவர்த் தகரம்தான் துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. அச்சடித்து முடித்த அலுமினியப் பிளேட்டுகளை எங்கள் பிரஸ்ஸில் பழைய சாமானாக எடைக்குப் போடுவார்கள். மானேஜரிடம் கெஞ்சி ஒரு கட்டு வாங்கினேன். காலண்டர் சீசன் என்பதால் எல்லாம் முருகன், லட்சுமி, பிள்ளையார். பளபளவென்ற பின்பக்கம் வெயிலுக்குக் கண் கூசும் என்று படம் தெரியும்படியே அடித்தார்கள் அண்ணன். "சாமி முகத்துல ஆணி படாம அடிங்க" என்று மதினி ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வந்தவர் வண்டியை வாசலிலேயே நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"உள்ள கொண்டாங்க" என்றார்கள் அண்ணன்.

"வேணாம் அண்ணாச்சி. மத்தியானம் கறி சாப்பிட்டேன். சாமி இருக்க எடத்துக்கு எப்படி வர?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர்களும் அதே கதைதான். அண்ணனுக்கும் சிரமம். போல்ட் கழலாவிட்டால் வாய்விட்டு ஒரு வார்த்தை வையமுடியவில்லை, எதிரே முருகன்.

"திருப்பி அடிச்சிருவமா?" என்று கேட்டேன்.

"சாமியச் செவத்தப் பாக்க வச்சுட்டு நாம வெளங்குவமா?" என்றார்கள் மதினி.

அதற்குள் கம்பெனி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் மானேஜர் முன்னால் போய் நின்றேன். மாற்றித் தருவதற்கு மிச்சமிருந்தவை பட்டாசு லேபிள் பிளேட்டுகள்தான். ராக்கெட்டையும் சங்குசக்கரத்தையும் பார்த்ததும் மதினி தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எதுக்குப் பயந்து இம்புட்டுப் பாடு படுறமோ, அதையே கொண்டாந்து செவத்துல அடிக்கணுமா?"

"செவத்துல இருந்தா வெடிக்காது. விடு" என்று அண்ணன் சுத்தியலை எடுத்தார்கள்.

மேற்கொண்டு சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. சாமி பிளேட்டுகளைப் பதனமாகக் கழற்றிவிட்டு இவற்றை அடித்தோம். மறுநாளிலிருந்து ஆட்கள் செருப்புக் காலோடு உள்ளே வந்தார்கள்.

கம்பெனி திறந்த அன்று வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அண்ணன் போகவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, ஏறலையா?" என்றார்.

"இல்லப்பா, நீ போ. சாயங்காலம் வண்டியக் கொண்டாந்து விடு. சைலன்சர் ஓட்ட, தெருவுக்கே கேக்கு."

மதினி அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார்கள்.

அதன்பின் வந்த வருடங்கள் சுகமானவை என்று பொய் எழுத மாட்டேன். வண்டியே வராத மாதங்கள் உண்டு. குனிந்து குனிந்து அண்ணனுக்கு முதுகு போனது. மதினி தீப்பெட்டி ஒட்டித்தான் பல நாள் உலை வைத்தார்கள். ஆனாலும் பாதி வழியில் வண்டி நின்று தள்ளிக்கொண்டு வந்தவர்களிடம் அண்ணன் கூலி கேட்டதில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, வீடு திரும்பிய சில நாளில், மத்தியானம் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலைந்த வேன் டிரைவருக்கும், பிளேட் தந்த மானேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிக் குளிப்புக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த தெருப் பெண்களுக்கும், நிற்க முடியாத என்னைப் பிடித்துக் கூட்டிப் போனவர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தீயில் போன அப்பாவை மூட்டையாகக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள், அவிழ்க்க விடவில்லை. அண்ணன் தலையில் நான் என் கையால் எண்ணெய் வைத்தேன்.