கிணற்றோடு வந்த தவளை

ரியல் எஸ்ரேற் லைசென்ஸ் எடுத்து நான் முதன்முதலாகக் காட்டப் போனது வீடுகூட இல்லை, கனடாவில் அஜின்கோர்ட் பக்கம், வாடகைக்கு விட்ட ஒரு பேஸ்மென்ற், வீட்டின் கீழ்த்தளம். தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் சிவபாதம் அண்ணை. பார்க்க வந்தது யோகனும் மனைவி வசந்தியும். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அபார்ட்மென்றில் வேறு நாலு பெடியளோடு நெரிபட்டுக்கொண்டு இருந்தார்கள். வசந்திக்கு நிறைமாதம். பிள்ளை பிறக்க முதல் ஒரு இடம் வேணும்.

நல்ல பேஸ்மென்ற். வாசல் தனி, ஜன்னலால் வெளிச்சம். தொட்டிலை எங்கே வைக்கலாம் என்று வசந்தி அளக்கவே தொடங்கிவிட்டாள். யோகனுக்கு ஃபக்டரியில் நிரந்தர வேலை. வாடகை லீஸைக் கையெழுத்துக்காக எடுத்து மேசையில் வைத்தேன்.

அண்ணை பேனையைத் தொடவில்லை. "தம்பி ஊரில எவடம்?"

யோகன் ஊரைச் சொன்னான்.

"அது சரி. ஊருக்குள்ள எவடம்? எந்தக் கிணத்தில தண்ணி அள்ளினனீங்கள்?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கட ஊர்களில் ஆர் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று சாதிதான் தீர்மானித்தது. நேரே சாதி கேட்க வெட்கமாம், கண்டறியாத பெரிய மனுசருக்கு.

யோகன் தலையைக் குனியவில்லை. "எங்களை அள்ள விடேல்லை அண்ணை. ஆரும் ஊத்தினால்தான் குடிச்சனாங்கள்."

உடனே அண்ணைக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அட, மச்சானின்ர பெடியன் ஒருத்தன் இங்க இருக்க வாறனெண்டு சொன்னவன். மறந்துபோனன்."

எனக்கு விசர் வந்தது. "கனடாவுக்குள்ள விடேக்க உங்களை எந்தக் கிணறெண்டு கேட்டவங்களோ அண்ணை?"

"அது வேற, இது வேற," என்றார்.

காருக்குள் வசந்தி சொன்னாள்: "அந்த ஜன்னலடியில தொட்டில் நல்லா இருந்திருக்கும்." பிறகு அழுதாள்.

குறுகின புத்திக்காரனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். கூபமண்டூகம் என்று வடமொழியிலும் உண்டு. கடலில் இருந்து வந்த தவளை கடலின் அளவைச் சொல்ல, என் கிணற்றைவிடப் பெரிசாக ஒன்று இருக்காது, நீ பொய்யன் என்று கிணற்றுத் தவளை துரத்தியதாம். அந்தத் தவளையில் எனக்குக் கோபமே இல்லை. பாவம், அது கடலைக் கண்டதில்லை. சிவபாதம் அண்ணையோ கடல் தாண்டி, வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் கெஞ்சி, எயார்போட் எயார்போட்டாகப் படுத்தெழும்பி வந்த அகதி. வரும்போது கிணற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இவரைத் தவளை என்றால் தவளைக்குத்தான் அவமானம்.

அடுத்த கிழமை, இரண்டு தெரு தள்ளி ஒரு சீனத்து அம்மா இடம் கொடுத்தா. பிள்ளை எப்போது என்று மட்டும் கேட்டா. ஜன்னல் சின்னன்தான். தொட்டில் அதற்குக் கீழே.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆளைக் கூட்டிப்போக முதலே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன்: "வேலையைக் கேளுங்கோ. ஊரில எவடமெண்டு கேட்டால் நான் ஆக்களையும் கூட்டிக்கொண்டு எழும்பிப் போயிடுவன்." கன வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு வேறு ஏஜென்றிடம் போனார்கள். போகட்டும்.